1998 ஜாகுவார் எக்ஸ்.ஜே.8: டைமிங் செயின் டென்ஷனர் புது மாடலா பழசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிலா (லெஸ்டர்):

எல்லோருக்கும் வணக்கம். மாமா ஆசையாக வைத்திருந்த எக்ஸ்.ஜே.8 இப்போது என்னிடம் வந்திருக்கிறது. 4.0 லீற்றர் வி8, நம்பர் பிளேட்டில் எஸ் பதிவு, 1998 மொடல். இந்த எஞ்சினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் டென்ஷனர் உடைந்தால் எஞ்சினே போய்விடும், பிறகு வந்த உலோக டென்ஷனர் போட்டிருந்தால் பயமில்லை என்று வாசித்தேன். மாமாவின் ஃபைலில் இரண்டு பில் இருக்கிறது. 2000இல் ஒரு கராஜ் கொடுத்த பில்லில் "டைமிங் செயின் டென்ஷனர்கள் மாற்றப்பட்டன" என்று ஒரே ஒரு வரி, பார்ட் நம்பர் இல்லை. 2007 பில்லில் இரண்டு பக்க கேம் கவர் (வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளுக்கு மேல் உள்ள மூடி) கஸ்கெட் மட்டும். குளிர் நாட்களில் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஓரிரு செக்கன் கரகரவென்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. எஞ்சினைத் திறக்காமல் இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

செந்தில் (கோவென்ட்ரி):

முதல் வேலை, அந்தக் காரை இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். டென்ஷனர் என்னவென்று தெரியும்வரை எம்.ஓ.டி. (வருடாந்தர வாகனச் சோதனை)க்குக்கூட ஓட்ட வேண்டாம்.

அப்புறம் அந்த 2000 பில். அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உலோக உடம்புள்ள மூன்றாம் தலைமுறை டென்ஷனர் தொழிற்சாலையில் எஞ்சினுக்கு ஏறியதே 2001 ஆகஸ்ட்டில்தான். அதனால் 2000இல் மாற்றியது பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு இன்னொரு பிளாஸ்டிக் போட்டதாகத்தான் இருக்கும். கராஜ் பொய் எழுதவில்லை, அன்றைக்கு அதுதான் கிடைத்தது. பழைய பில் பார்க்கும்போது என்ன மாற்றினார்கள் என்பதோடு எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்றும் பாருங்கள்.

ரவி (ஹரோ):

தங்கச்சி, வி5சி லொக்புக்கில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், எஞ்சின் நம்பர் இருக்கும், அதைப் பாருங்கள். வேல்ஸில் பிரிட்ஜெண்ட் தொழிற்சாலையில் செய்த எஞ்சின் இது. பத்து இலக்க நம்பரே அது பிறந்த நேரம்: வருடம், மாதம், திகதி, மணி, நிமிடம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலக்கம். 0108130000 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் உலோக டென்ஷனரோடு வந்தது. உங்களுடையது 1998 கார் என்றாலும் பாருங்கள். அந்தக் காலத்துக் கார்கள் சிலவற்றில் சிலிண்டரின் நிக்கசில் பூச்சு தேய்ந்துபோய், வாரண்டியிலேயே முழு எஞ்சினையும் மாற்றிக் கொடுத்தார்கள். அப்படி என்றால் எஞ்சின் காரைவிட இளசாக இருக்கலாம்.

நிலா:

பார்த்தேன் அண்ணா. 9809 என்று தொடங்குகிறது. அப்படி என்றால் 1998 செப்டெம்பர், காரோடு வந்த எஞ்சின்தானே? நிக்கசில் பற்றியும் இப்போது பயமாக இருக்கிறது.

ரவி:

ஓம், காரோடு வந்ததுதான். நிக்கசிலுக்குப் பயப்பட வேண்டாம். அன்றைய பெற்றோலில் இருந்த கந்தகம்தான் அதை அரித்தது. இன்றைய பெற்றோலில் கந்தகம் மிகக் குறைவு. இத்தனை வருடம் தாங்கிய எஞ்சின் இனியும் தாங்கும். டென்ஷனரைப் பாருங்கள்.

செந்தில்:

நம்பர் சொல்வது தொழிற்சாலையில் என்ன போட்டார்கள் என்பதை மட்டும்தான். 2007இல் கஸ்கெட் மாற்ற இரண்டு கவரையும் கழற்றியிருக்கிறார்கள். விவரம் தெரிந்த மெக்கானிக் அப்போதே உலோகம் போட்டிருக்கலாம், போடாமலும் மூடியிருக்கலாம். பேப்பரில் இதற்கு மேல் விடை கிடையாது, ஒரு பக்கக் கவரைத் திறந்துதான் ஆக வேண்டும்.

திறப்பதற்கு முன் கவரைச் சுற்றி இருக்கும் தூசி மண்ணையெல்லாம் நன்றாகத் துடைத்துவிடுங்கள், செயின் பக்கம் ஒரு துகளும் விழக் கூடாது. கவர் வந்ததும் முன்பக்கம் இரண்டு கேமையும் இணைக்கும் குட்டிச் செயின் தெரியும். அதற்குள் உட்கார்ந்திருப்பதுதான் செகண்டரி டென்ஷனர், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று. பலர் தவறாகப் படிப்பது இந்த இடத்தில்தான். செயின் உரசும் மேல் பட்டை உலோக மாடலிலும் பிளாஸ்டிக்தான், அதைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். டார்ச்சைக் கீழே அடித்து, சிலிண்டர் ஹெட்டோடு இரண்டு போல்ட் பிடிக்கும் உடம்பைப் பாருங்கள். வெள்ளி நிற அலுமினியமாக இருந்தால் புது மாடல். மங்கல் மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு எதுவானாலும் பழசு.

நிலா:

மாமாவின் மகனும் நானும் சேர்ந்து பயணி பக்கக் கவரைத் திறந்தோம். உடம்பு கடும் பழுப்பு நிறம், தேநீர்க் கறை பிடித்த பழைய பிளாஸ்டிக் கோப்பை மாதிரி. அதோடு, மேல் பட்டைக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு கோடு கீழே இறங்குகிறது. நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது. படம் போட்டிருக்கிறேன்.

ரவி:

படம் பார்த்தேன், அது வெடிப்புத்தான். காலையில் கேட்ட சத்தமும் அதனால் வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. ஒயில் அழுத்தம் ஏறும்வரை தளர்ந்த செயினைப் பிடிக்க ஆள் இல்லை. அது முழுதாக உடைந்து செயின் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். நல்ல நேரத்தில் திறந்தீர்கள் தங்கச்சி. சத்தமே வராமல் வெடித்துக் கிடந்த டென்ஷனர்களும் உண்டு, அதனால் மற்றப் பக்கத்தையும் பார்க்காமல் மூட வேண்டாம். ஒயில் மாற்றும்போது எஞ்சினுக்கு அடியில் ஒயில் தங்கும் தட்டான சம்பையும் இறக்கிப் பாருங்கள், உடைந்த துண்டு இருந்தால் அங்கேதான் போய்ச் சேரும்.

செந்தில்:

இரண்டு பக்கத்துக்கும் உலோக டென்ஷனர் வாங்குங்கள், புது கவர் கஸ்கெட்டும் பிளக் குழி சீல்களும் சேர்த்து. செகண்டரியை மாற்றுவதற்கு எஞ்சினின் முன்பக்க டைமிங் கவரைக் கழற்றத் தேவையில்லை. எஞ்சினைக் கையால், சுழலும் திசையில் மட்டும் திருப்பி, கேம்களில் தட்டையாகச் சீவிய இடம் மேலே பார்க்கும்படி நிறுத்துவார்கள். பிறகு செயினை இரண்டு ஸ்ப்ராக்கெட்டிலும் (பற்சக்கரம்) கேபிள் டையால் இறுகக் கட்டி, எக்ஸாஸ்ட் கேமை அழுத்திப் பிடிக்கும் கேப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கேமைத் தூக்கினால் டென்ஷனர் வெளியே வரும். ஒவ்வொரு கேப்பும் எடுத்த இடத்துக்கே திரும்பப் போக வேண்டும். கவரை மூடும்போது டைமிங் கவரும் ஹெட்டும் சேரும் மூலையில் ஒரு சொட்டு சீலன்ட் வையுங்கள், வைக்காவிட்டால் ஆயில் கசியும்.

முதல்முறை என்றால், இந்த எஞ்சினைச் செய்த அனுபவம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேம் பூட்டும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது.

நிலா:

மிக்க நன்றி. மற்றப் பக்கமும் பழுப்புத்தான், வெடிப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் ஓடர் போட்டாச்சு. கிரேங்க்கிலிருந்து வரும் பெரிய செயின்களின் பிரைமரி டென்ஷனரையும் இப்போதே மாற்ற வேண்டுமா?

ரவி:

அதை மாற்ற எஞ்சினின் முன்பக்கக் கவர் முழுவதும் கழற்ற வேண்டும், கூலியும் கூடும். இப்போது உயிர் போகிற இடம் செகண்டரி, அதை முதலில் முடியுங்கள். பிறகும் ஸ்டார்ட்டில் சத்தம் நிற்காவிட்டால் அப்போது பிரைமரியைத் திறக்கலாம். பில்லில் பார்ட் நம்பரும் திகதியும் எழுதச் சொல்லி வாங்கி, மாமாவின் ஃபைலிலேயே வையுங்கள்.