மறு: 'சிறுபான்மைச் செல்வாக்கு' வேண்டாம், 'சிலர்வழித் தாக்கம்' பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எண்ணிக்கையில் குறைந்தோர் தம் நிலைப்பாட்டால் மற்றவர்களின் கருத்தை மாற்றுவதைக் குறிக்க, சமூக உளவியல் தமிழாக்கத்தில் 'சிறுபான்மைச் செல்வாக்கு' என்று வைத்துக்கொள்ளலாம் என நண்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். ஆக்கத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதிலுள்ள இரண்டு சொற்களுமே படிப்பவரை வேறு திசைக்கு அழைத்துச் சென்றுவிடுகின்றன.

உரையாசிரியர்கள் 'இது சிறுபான்மை' என்று எழுதினால் அருகிய வழக்கு என்று பொருள். இன்றோ அச்சொல் ஆணையத்தோடும் உதவித்தொகையோடும் சேர்ந்து, சமயத்தாலோ மொழியாலோ வரையறுக்கப்பட்ட மக்களைக் குறிக்கும் சட்டச்சொல்லாகிவிட்டது. சென்னையில் நான் பாடம் எடுக்கும் வகுப்பில் இத்தொடரைப் பலகையில் எழுதிப் பொருள் கேட்டபோது, மாணவர்கள் வாக்குவங்கியைப் பற்றித்தான் பேசினார்கள்.

'செல்வாக்கு' இதைவிடப் பெரிய சிக்கல். பதவியோ பணமோ ஆள்பலமோ இருப்பதால் ஒருவருடைய சொல் எடுபடுவதையே நாம் செல்வாக்கு என்கிறோம். இந்த ஆய்வுகள் பேசும் சிலரிடம் இல்லாதது அதுதானே! சமூக உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனையில், கோடுகளின் நீளத்தைத் தனியே இருந்து ஒப்பிட்டபோது ஏறத்தாழ யாருமே பிழை செய்யவில்லை. முன்னேற்பாட்டின்படி மற்றவர்கள் எல்லாரும் ஒரே தவறான விடையைச் சொன்ன சுற்றுகளிலோ, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட விடைகள் கூட்டத்தோடு ஒத்துப்போயின. அங்கே எண்ணிக்கைக்குச் செல்வாக்கு உண்டு என்றால் ஏற்கலாம். 1969இல் செர்ஜ் மொஸ்கோவிச்சியும் அவருடைய துணையாய்வாளர்களும் இதைத் தலைகீழாக்கி, ஆறு பேர் குழுவில் இருவரை மட்டும் தம் ஆட்களாக அமர்த்தி, நீல நிற ஸ்லைடுகளைப் பச்சை என்று சொல்ல வைத்தார்கள். இருவரும் ஒருமுறைகூட மாறாமல் பச்சை என்றபோது மற்றவர்களின் விடைகளில் 8.42 விழுக்காடு பச்சையாயிற்று. சில வேளை பச்சை, சில வேளை நீலம் என்று மாற்றிச் சொன்னபோது அது 1.25 விழுக்காடாகச் சரிந்தது. விழுக்காடு சிறிதுதான், ஆயினும் அந்த இருவருக்கும் நிலைமாறாமையைத் தவிர வேறு பலம் எதுவும் இருக்கவில்லை.

பலருக்கு வெளியளவில் இணங்குகிறோம், சிலரால் உள்ளுக்குள் மாறுகிறோம் என்று மொஸ்கோவிச்சி 1980இல் வாதிட்டதைக் கொண்டு, 'பெரும்பான்மை இணக்கம்', 'சிறுபான்மை மனமாற்றம்' என்று அம்மையார் ஒருவர் இணைச்சொற்கள் தந்திருந்தார். கேட்க அழகாக இருக்கின்றன. ஆனால் இரண்டிலும் இயங்குவது ஒரே செயல்முறைதான், வேறுபாடு அளவில் மட்டுமே என்று லடானே, வுல்ஃப் என்ற ஆய்வாளர்கள் 1981இல் மறுத்திருக்கும்போது, கலைச்சொல்லே ஒரு கட்சிக்குத் தீர்ப்பெழுதிவிடக் கூடாது.

ஆகவே நான் முன்வைக்கும் இணை: பலர்வழித் தாக்கம், சிலர்வழித் தாக்கம். 'சிறுதரப்பு' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். தரப்பு உருதுவழி வந்தது என்பது எனக்குத் தடையில்லை. ஏற்கெனவே அணிவகுத்துவிட்ட இரண்டு கட்சிகளை அது நினைவூட்டுவதுதான் இடிக்கிறது. ஒருவர் மட்டும் எதிர்த்து நின்றால் 'சிலர்' என்பது பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. தனியொருவரை எடக்குப் பேசுபவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது என்பதால் சோதனைகளிலும் பெரும்பாலும் இருவருக்குக் குறையாமல் வைப்பதே உசிதம் எனக் கருதுகிறேன். எனினும் தனியொருவரும் இதில் அடங்குவார் என்று வரையறையில் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

பாடநூலுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் பல்லாவரத்தைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. 1916இல் மறைமலையடிகள் அங்கிருந்து தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது அதைப் பின்பற்றியவர்கள் மிகச் சிலர். கேலி செய்தவர்கள் ஏராளம். அக்கிராசனர் தலைவரானதும் காரியதரிசி செயலாளரானதும் ஒரே நாளில் நடக்கவில்லை. சிலர் விடாமல் எழுதினர், பிறகு மேடைகளும் இதழ்களும் எடுத்துக்கொண்டன, 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின் கோப்புகளும் தமிழுக்குத் திரும்பின. அந்தக் கடைசிக் கட்டத்தில் விரும்பாதவர்களும் ஊரோடு ஒத்து எழுதினார்கள், அது பலர்வழித் தாக்கம். சிலர்வழித் தாக்கமான முதல் கட்டத்தை மட்டும் சொல்லி இந்தக் கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டால் சமூக மாற்றம் என்ற இயல் பாதியிலேயே நின்றுவிடும்.

இன்று 'செயலாளர்' என்று எழுதுகிறவர் தம்மைத் தனித்தமிழ்க்காரர் என்று எண்ணுவதில்லை. அவர்களைக் கிண்டல்கூடச் செய்வார். கருத்தை ஏற்றுக்கொண்டு, அதைத் தந்தவர்களை மறந்துவிடும் இந்நிகழ்வுக்கும் உளவியலில் தனிப்பெயர் உண்டு. அதற்கு 'ஊற்றுமறதி' என்று குறித்து வைத்திருக்கிறேன். 'மூலமறதி' என்றால் மாணவர்கள் வேறொரு நோயை நினைத்துச் சிரிக்கிறார்கள் என்பதால் அதைக் கைவிட்டேன். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். இவ்வியலை இன்னும் அச்சுக்கு அனுப்பவில்லை.