விடியற்காலைத் தும்மல்: முதலில் எதை மாற்றுவது?

மூன்று மாதமாக விடியற்காலை 4 மணிக்குத் தும்மலோடுதான் விழிக்கிறேன். வரிசையாகப் பத்துப் பதினைந்து, அப்புறம் மூக்கில் நீர், கண் அரிப்பு. வெளியே கிளம்பினால் அரை மணியில் சரியாகிவிடும். பரிசோதனையில் தூசிப்பூச்சி (மெத்தைத் தூசியில் வாழும், ஈரப்பதம் இருந்தால் பெருகும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்) ஒவ்வாமை என்று வந்தது. வீட்டில் நாய், பூனை கிடையாது.

10க்கு 12 அடி படுக்கையறை, ஒரே ஜன்னல். நுண்ணிய தூசியையும் பிடிக்கும் எச்13 ஹெப்பா வடிகட்டி வைத்த காற்றுச் சுத்திகரிப்பான் இரவெல்லாம் ஓடுகிறது. படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை வாராவாரம் 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறேன். தரைவிரிப்பை எடுத்தாயிற்று. மின்விசிறி இறக்கையில் விரல் வைத்தால் சாம்பல் படலம் ஒட்டியது. அதையும் ஈரத்துணியால் துடைத்தேன். பாதிதான் குறைந்தது.

மிச்சம் எட்டு வருட மெத்தையும், 70 சதவீதத்துக்குக் கீழே இறங்காத அறை ஈரப்பதமும்தான். இரண்டுக்கும் சேர்த்து இப்போது செலவு செய்ய முடியாது. மெத்தைக்கு ஜிப் வைத்த முழு உறையா, ஈரம் உறிஞ்சும் கருவியா, உங்களுக்கு எது பலன் தந்தது?