கரடி பொம்மைக்கு 2,100 ரூபாய்: பிள்ளைகளைக் கூட்டிப்போனது தப்பா?

வேலந்தாவளம் அம்மா:
போன ஞாயிறு மகளையும் (7 வயது) மகனையும் (3 வயது) கூட்டிக்கொண்டு கேரளத்துக்குள் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி ஒரு மாலுக்குப் போனோம். பெயர் வேண்டாம். காடு மாதிரி அலங்கரித்த குடும்ப ஓட்டல் ஒன்று, அதை ஒட்டியே பிள்ளைகள் தாங்களே கரடி பொம்மை செய்துகொள்ளும் கடை ஒன்று. மகள் பஞ்சில்லாத கரடித் தோல் ஒன்றை எடுத்தாள். மிதியை மிதித்தால் குழாய் வழியாகப் பஞ்சு ஏறுகிறது. துணியில் செய்த குட்டி இதயத்தைக் கையில் வைத்துத் தேய்த்து, கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டு உள்ளே வைத்தாள். முதுகைத் தைத்து, பெயர் எழுதிய பிறப்புச் சான்றிதழும் கொடுத்தார்கள். கரடி 1,100, சட்டை 450, செருப்பு 350, அழுத்தினால் பேசும் பெட்டி 200.

ஓட்டலில்தான் வினை. அரை மணிக்கு ஒருமுறை விளக்கை அணைத்து இடி இடிக்க வைக்கிறார்கள், யானை பிளிறுகிறது. மகன் மேசைக்கு அடியில் போனவன் வெளியே வரவேயில்லை. பரோட்டா ஆறிப்போனது. வீட்டுக்கு வந்ததும் மாமியார், "இந்தக் காசுக்கு ஒரு ஆட்டுக்குட்டியே வாங்கியிருக்கலாம்" என்றார். நீங்கள் சொல்லுங்கள், தப்பா?

பனங்காட்டான்:
தப்புதான் அம்மணி. காசை விடுங்கள், அது பொம்மை செய்வதே இல்லை. தோலை வெட்டியது யாரோ, கண்ணை ஒட்டியது யாரோ, முதுகைத் தைத்தது கடைக்காரர். உங்கள் மகள் செய்தது மிதியை மிதித்தது மட்டும். அப்படிப் பார்த்தால் மாவு மில்லில் ஸ்விட்சைப் போடுகிறவன் நெல் விளைவித்தவன் ஆகிவிடுவான்.

நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் பனைக்கா பஞ்சம்? நுங்கைத் தின்றுவிட்டு இரண்டு கூந்தலை, அதாவது நுங்கு எடுத்த வெறும் காயை, எடுத்து, நடுவில் குச்சி செருகி, கவட்டைக் குச்சியால் தள்ளினால் வண்டி. குச்சி நடுவில் இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், பிடுங்கித் திரும்பக் குத்த வேண்டும். அந்தத் திரும்பக் குத்துவதுதான் செய்வது.

மூன்றாம் வகுப்பு டீச்சர்:
பனங்காட்டான் அண்ணா, ஒரு கேள்வி. உங்கள் ஊரில் நுங்கு வண்டி ஓட்டிய பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? நானும் இந்தப் பக்கத்தில்தான் வளர்ந்தேன். அண்ணன் ஓட்டுவான், நான் வாசலில் நின்று பார்ப்பேன். அப்புறம், உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் கடைசியாக எப்போது வண்டி செய்து கொடுத்தீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கடைகளின் மூலம் அமெரிக்காவில் இருக்கிறது. 1997இல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் மாக்சின் கிளார்க் என்ற பெண்மணி தொடங்கிய பில்ட்-எ-பேர் வொர்க்‌ஷாப். மிதி, பஞ்சு, இதயம், சான்றிதழ் எல்லாம் அங்கிருந்து வந்த வழக்கம்தான். அவர்கள் விற்பதில் பாதி அந்தச் சடங்கு என்று எனக்கும் தெரியும். ஆனால் என் வகுப்பில் ஒரு பையன், கட்டுரை என்றால் நாலு வரிக்கு மேல் எழுதாதவன், தன் கரடிக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தான் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினான். தமிழில். சந்திப்பிழை இருந்தது, திருத்தவில்லை.

பனங்காட்டான்:
மாட்டிவிட்டீர்கள் டீச்சர். மூத்தவனுக்கு ஒருமுறை செய்தேன், சின்னவளுக்குச் செய்யவில்லை. ஆனால் கரடிக்குச் செருப்பு 350 ரூபாய் என்பதை எந்த இதயத்தாலும் மன்னிக்க முடியாது. அதுதான் தூண்டில். கரடி 1,100 என்றுதான் உள்ளே இழுக்கிறார்கள், பிள்ளை கையில் கொடுத்தபிறகு "ஐயோ, சட்டை இல்லாமலா?" என்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
சண்டைக்கு நடுவே ஒரு சின்ன வேலை. ஓட்டல் பில்லை எடுத்துப் பாருங்கள் அம்மா, சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருக்கிறதா?

வேலந்தாவளம் அம்மா:
இருக்கிறது. சாப்பாடு 2,320, சர்வீஸ் சார்ஜ் 232, அதற்கு மேல் ஜிஎஸ்டி. எல்லா இடத்திலும் போடுவதுதானே?

கணக்குப்பிள்ளை:
போடக்கூடாது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் கொண்டுவந்தது, ஓட்டல்கள் சர்வீஸ் சார்ஜைத் தாங்களாகவே பில்லில் சேர்க்கக்கூடாது என்று. ஓட்டல்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்றது. ஜிஎஸ்டி வேறு, அது வரி, கட்டித்தான் ஆக வேண்டும். இனிமேல் சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். டிப்ஸ் கொடுக்க ஆசை இருந்தால் பரிமாறினவர் கையில் நேராகக் கொடுங்கள்.

தாழம்புதர்:
இருவரும் சொல்லாத மூன்றாவது வழி ஒன்று. போன லீவுக்குப் பிள்ளைகளை, மரப்பொம்மைக்குப் பேர்போன சென்னபட்டணம் கூட்டிப்போனேன், பெங்களூருக்கும் மைசூருக்கும் நடுவில். வெட்பாலை மரத்தைக் கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டு, வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது, பிறகு தாழை ஓலையால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுகிறார்கள். பெயின்ட் டப்பாவே கிடையாது. என் பிள்ளைகள் எந்திரத்தைத் தொடவில்லை, தொடவும் விடவில்லை. ஆனாலும் முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றார்கள். வாங்கிய பம்பரம் 60 ரூபாய்.

இரட்டைப்பிள்ளை அப்பா:
கைவினைப் பொம்மை எல்லாம் பார்க்க அழகு. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. 2021 ஜனவரி முதல் கட்டாயம் ஆயிற்றே?

தாழம்புதர்:
கட்டாயம்தான். ஆனால் பதிவு செய்த கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு, சென்னபட்டணம் அந்தக் கணக்கில் வரும். முத்திரையைவிட, மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை கையில் கழன்று வரும் பொத்தான் கண் இருக்கக்கூடாது. வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். நூலால் பின்னிய கண்தான் நல்லது. வேலந்தாவளம் அம்மா, உங்கள் வீட்டில் மூன்று வயசுக்காரன் இருக்கிறான், கரடிக் கண்ணை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

காதுபொத்தி:
யாரும் அந்தச் சின்னப் பையனைப் பற்றிப் பேசவில்லை. என் மகனுக்குச் சத்தம் ஆகாது, மிக்ஸி போட்டாலே அழுவான். இந்த மாதிரி ஓட்டலுக்குப் போகுமுன் போன் செய்து இரண்டு கேள்வி கேட்பேன்: இடி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, ஸ்பீக்கருக்குத் தள்ளி மேசை கிடைக்குமா. ஒரு ஓட்டலில் எங்கள் மூலையில் மட்டும் விளக்கை அணைக்காமல் விட்டார்கள். கேட்டால் செய்கிறார்கள். கேட்காவிட்டால் பிள்ளை மேசைக்கு அடியில்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்:
இதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கரடியைப் பற்றியே பேசிக்கொண்டு பையனை மறந்துவிட்டேன்.

வேலந்தாவளம் அம்மா:
கண்ணை இழுத்துப் பார்த்தேன், உறுதியாக இருக்கிறது. ஓட்டலுக்கும் போன் செய்தேன். மேனேஜர் 232 ரூபாயைத் திருப்பி அனுப்புகிறேன் என்றார், இன்னும் வரவில்லை. மகள் கரடியைத் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போக அடம் பிடிக்கிறாள். செருப்பில் ஒன்று அதற்குள் தொலைந்துவிட்டது.

பனங்காட்டான் அண்ணா, நுங்கு இறங்க ஆரம்பித்துவிட்டதா?

பனங்காட்டான்:
ஆரம்பித்துவிட்டது அம்மணி. சனிக்கிழமை கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்தால் ஒரு குலை தருகிறேன். கவட்டைக் குச்சி நீங்களே வெட்டிக்கொண்டு வாருங்கள், இரண்டு பிள்ளைக்கும் தனித்தனியாக. என் சின்னவளையும் கூட்டி வருகிறேன்.