மறு: டார்ஷனுக்கு ‘முறுக்கம்’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

> முதுகலை இயற்கணிதக் குறிப்புகளைத் தமிழில் எழுதி வருகிறேன். குலம், வளையம், களம் வரை சிக்கல் இல்லை. மாட்யூல் (module) பகுதிக்கு வந்ததும் டார்ஷன் (torsion) என்ற சொல்லில் நின்றுவிட்டேன். இயற்பியலில் உள்ள ‘முறுக்கம்’ என்பதையே எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பேன். முறுக்கம் நல்ல சொல்தான். ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். பூச்சிய வகுப்பான்கள் இல்லாத (பூச்சியமல்லாத இரண்டைப் பெருக்கினால் பூச்சியம் வராத) ஒரு பரிமாற்று வளையம், அதன் மேல் ஒரு மாட்யூல், அதாவது உறுப்புகளைக் கூட்டவும் வளைய உறுப்புகளால் பெருக்கவும் முடிகிற அமைப்பு. (மாட்யூலுக்குத் தமிழ் தேடுவது தனிச் சண்டை, இந்த இழையில் வேண்டாம்.) மாட்யூலின் ஓர் உறுப்பை, வளையத்தில் உள்ள பூச்சியமல்லாத ஏதோ ஒன்றால் பெருக்கினால் பூச்சியம் கிடைக்கிறது என்றால் அது டார்ஷன் உறுப்பு. வரையறையில் வேறொன்றும் இல்லை. முறுகுவது, திருகுவது எதுவும் இங்கே கிடையாது.

இதை மாணவர்கள் முதலில் அழுத்தமாகச் சந்திப்பது, அணிகளை எளிய கட்டங்களாகப் பிரித்து எழுதும் ஜோர்டான் வடிவத்தில். முடிவுறு பரிமாணத் திசையன் வெளியில் ஒரு நேரியல் உருமாற்றத்தை எடுத்துக்கொண்டு, அந்த வெளியை ஒருமாறிப் பல்லுறுப்புக்கோவைகளின் வளையத்தின் மேல் மாட்யூலாகப் பார்க்கிறோம். கேய்லி–ஹாமில்டன் தேற்றப்படி சிறப்பியல்புப் பல்லுறுப்புக்கோவை எல்லாத் திசையன்களையும் பூச்சியமாக்கிவிடும். ஆக, மாட்யூல் முழுவதுமே டார்ஷன். அந்த உருமாற்றம் வெறுமனே இரண்டால் பெருக்குவதாகக்கூட இருக்கலாம். எல்லாத் திசையன்களும் நீளும், ஒன்றுகூடத் திரும்பாது. அதன் தலையில் ‘முறுக்க மாட்யூல்’ என்று எழுதினால், படிப்பவர் இல்லாத முறுக்கைத் தேடிக்கொண்டிருப்பார்.

சரி, இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? இடத்தியலிலிருந்து (topology). கணிதவியலர் புவான்கரே 1900-இல் ‘டார்ஷன் கெழுக்கள்’ என்று பெயரிட்டபோது அவர் மனத்தில் இருந்தவை ஒருபக்கப் பரப்புகளைப் போலத் தம்மீதே முறுகிக் கிடக்கும் வடிவங்கள். அங்கே பெயருக்கு நியாயம் இருந்தது. ஆனால் அங்கேயே ஒரு வேடிக்கையும் இருக்கிறது. முறுக்குக்கு எல்லோரும் காட்டும் மோபியஸ் பட்டையின் முதல் ஹோமாலஜிக் குலத்தில் (எதற்கும் எல்லையாகாத மூடிய சுற்றுகளைக் கணக்கிடும் குலம்) டார்ஷன் கிடையாது. அது வெறும் முழு எண்களின் குலம். பட்டையின் விளிம்பு, நடுக்கோட்டை இருமுறை சுற்றி வருகிறது. அந்த விளிம்பில் ஒரு வட்டத்தகட்டை ஒட்டி மூடினால் கிடைப்பது வீழ்ப்புத் தளம் (projective plane). இப்போது நடுக்கோட்டின் இருமடங்கு ஒரு தகட்டின் எல்லையாகிவிட்டது, அதாவது பூச்சியம். டார்ஷன் பிறந்தது முறுக்கியபோது அல்ல, ஒட்டியபோது! எமி நோதர் 1920-களில் கெழுக்கள் போன்ற எண்களை விட்டுவிட்டு, அவை வரும் ஹோமாலஜிக் குலங்களையே பாருங்கள் என்று வலியுறுத்திய பிறகு, முறுக்கு என்ற படிமம் பின்னுக்குப் போய்ப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு காரணமும் உண்டு. முப்பரிமாண வெளிக்குள் செல்லும் வளைவரை தன் தளத்தைவிட்டு எவ்வளவு விலகுகிறது என்பதை அளக்கும் அளவுக்கும் இதே பெயர். வகையீட்டு வடிவியலில் இணைப்புகளுக்கு (connections) உள்ள டார்ஷனும் அப்படித்தான். அங்கெல்லாம் முறுக்கு உண்மையானது, ‘முறுக்கம்’ அங்கே இருக்கட்டும். மூலமொழியில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றுதான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எல்லா உறுப்புகளும் டார்ஷனாக உள்ள குலத்தைச் சிலர் ‘காலமுறைக் குலம்’ (periodic group) என்கிறார்கள். குலக் கோட்பாட்டில் இதற்கு மரபு உண்டு. பர்ன்சைட் 1902-இல் எழுப்பிய கேள்வி, முடிவுறு எண்ணிக்கையில் பிறப்பிக்கப்பட்டு எல்லா உறுப்புகளும் முடிவுறு வரிசை கொண்ட குலம் முடிவுறு குலமாகத்தான் இருக்க வேண்டுமா என்பது. (இல்லை என்று கோலோடும் ஷஃபாரேவிச்சும் 1964-இல் காட்டினர்.) அத்தகைய குலங்களுக்கு அந்தப் பெயர் ஓரளவு பொருந்தும். ஆனால் மேலே சொன்ன ஜோர்டான் வடிவ மாட்யூலில் எது காலமுறையாகத் திரும்பி வருகிறது? தவிர, ‘காலம்’ என்ற சொல் காரணமின்றி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

என் முன்மொழிவு: சுழிவு.

சுழி என்றால் பூச்சியம். சுழி என்றால் சுழல்வதும்தான்; நீர்ச்சுழி, மூன்று சுழி ண. டார்ஷனின் வரையறை முதல் பொருளில் இருக்கிறது, பிறப்பு இரண்டாவதின் பக்கத்தில் இருக்கிறது. வேறெங்கும் கிடைக்காத வசதி இது. சொல்லும் நன்றாகக் கிளை விடுகிறது: சுழிவு உறுப்பு, சுழிவுக் குலம், சுழிவுப் புள்ளி. முடிவிலி என்பதைப் போலவே சுழிவிலி. பூச்சியத்தைத் தவிர வேறு சுழிவு உறுப்பு இல்லாதது.

———

அன்புடையீர்,

சொல் அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகப்படுகிறேன்.

ஒன்று. பள்ளிப் பாடநூல்கள் பூச்சியம் என்றே எழுதுகின்றன. பூச்சிய அணி, பூச்சியப் பல்லுறுப்புக்கோவை என்று படித்து வந்தவருக்குச் சுழி ஏன்?

இரண்டு. அடுக்கை உயர்த்தினால் பூச்சியமாகும் உறுப்புகளை முன்பு ஓர் இழையில் ‘சுழியடுக்கு உறுப்பு’ என்றோம். சுழிவு, சுழியடுக்கு இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் குழப்பம்தானே?

மூன்றாவதுதான் முக்கியம். பூச்சியமல்லாத கலப்பெண்களின் பெருக்கல் குலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சமனி 1. ஒன்றின் படிமூலங்கள்தான் டார்ஷன் உறுப்புகள். அவற்றை எத்தனை முறை பெருக்கினாலும் பூச்சியம் வராது, 1தான் வரும். சுழியே இல்லாத இடத்தில் சுழிவு எப்படி?

———

ஐயா,

மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் சுவையானது. பூச்சியம் என்ற பொருள் அங்கே உதவாது, உண்மை. ஆனால் ஒன்றின் படிமூலங்கள் எங்கே இருக்கின்றன? அலகு வட்டத்தின் மேல். ஐந்தாம் படிமூலம் ஒன்றைத் தன்னாலேயே பெருக்கிக்கொண்டே போனால் வட்டத்தில் சுழன்று 1-க்கே வந்து சேர்கிறது. ஒரு பொருள் கைவிட்ட இடத்தில் மற்றது தாங்குகிறது. ‘பூச்சியமாக்கம்’ என்று ஏதாவது வைத்திருந்தால் உங்கள் கேள்விக்கு என்னிடம் விடை இருந்திருக்காது.

பூச்சியத்தை மாற்றச் சொல்லவில்லை. பூச்சிய உறுப்பு அப்படியே இருக்கட்டும். சுழிவு என்பது பண்பின் பெயர்.

சுழியடுக்கோடு வரும் நெருக்கம் குறையல்ல, உறவு. ஒன்றில் வெளியிலிருந்து ஒரு வளைய உறுப்பு வந்து பெருக்குகிறது. மற்றதில் உறுப்பு தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது. அடுக்கு என்ற சொல் அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. ஒரு பல்லுறுப்புக்கோவையின் அடுக்கே மாட்யூல் முழுவதையும் பூச்சியமாக்கும்போது இரண்டும் கைகோக்கவும் செய்கின்றன. ஜோர்டான் கட்டங்கள் அப்படி வருபவைதானே.

குறிப்புகளை எழுதுபவருக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. எந்தச் சொல்லை எடுத்தாலும், எந்த வளையத்தின் மேல் என்பதை விடாமல் எழுதுங்கள். ஏழின் மட்டு எச்சங்கள் முழு எண்களின் மேல் முழுக்கச் சுழிவு. அதே கணம், ஏழு உறுப்புகள் கொண்ட களத்தின் மேல் ஒருபரிமாணத் திசையன் வெளி, சுழிவிலி. ‘இது சுழிவு உடையது’ என்று மொட்டையாக எழுதினால் அரை வாக்கியம்தான் எழுதியிருக்கிறோம்.

‘சுழிவு உட்குலம்’ என்று எழுதும்போதும் கவனம் வேண்டும். பரிமாற்றுக் குலத்தில்தான் சுழிவு உறுப்புகள் உட்குலமாகும் என்ற உறுதி உண்டு. ஒரு நேர்கோட்டில் இரு வேறு புள்ளிகளைப் பொறுத்த இரண்டு எதிரொளிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் இருமுறை செய்தால் பழைய நிலை. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் இடப்பெயர்ச்சி, அது எத்தனை முறை செய்தாலும் திரும்பாது. அங்கே ‘சுழிவுக் கணம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சொல் தாங்குகிறதா என்று பார்க்க ஒரு தேற்றத்தை எழுதிப் பார்த்தேன். மேசர், 1977 (நீள்வட்ட வளைவரை என்பது இங்கே நீள்வட்டம் அல்ல, elliptic curve): “விகிதமுறு எண்களின் மேல் அமைந்த நீள்வட்ட வளைவரையின் விகிதமுறு சுழிவுப் புள்ளிகள் அமைக்கும் குலம், 15 குலங்களுள் ஒன்றாகவே இருக்கும்.” படிக்க இடறவில்லை. இதில் ‘முறுக்கப் புள்ளிகள்’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள், வளைவரையே அந்தப் புள்ளிகளில் முறுகி நிற்பதாகத் தோன்றும்.

———

இருவருக்கும் நன்றி. சுழிவு என்றே எழுதுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘டார்ஷன் எனப்படும்’ என்று ஒருமுறை சொல்லிவிடுவேன். இன்னும் ஒரு தடங்கல் உண்டு. ஹோமாலஜி இயற்கணிதத்தில் ‘டார்’ (Tor) என்ற ஃபங்டரின் (functor) பெயரே டார்ஷனின் சுருக்கம். அதை ‘சுழி’ என்று சுருக்கினால் பூச்சியம் என்று படிப்பார்கள். ‘டார்’ என்றே விட்டால் பெயர்க்காரணம் போய்விடும். இப்போதைக்கு ‘டார்’ என்றே எழுதுகிறேன். அடுத்த அத்தியாயத்தில் தட்டையான மாட்யூல்கள் (flat modules) வருகின்றன, அங்கே ‘டார்’ தேவைப்படும், அதற்கு முன் யாரிடமாவது நல்ல யோசனை இருந்தால் எழுதுங்கள்.