ஒளி வளைகிறதா, கோடு வளைகிறதா?

அனுப்பியவர்: தண்டையார்பேட்டை டீச்சர்
வியாழன் காலை

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும்.

சனிக்கிழமை மாலை மொட்டைமாடி வகுப்பில் ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளுக்கு வீஸ்டார் மென்பொருளைத் திறந்து காட்டப்போகிறேன். அமெரிக்காவில் 1911இல் தொடங்கிய மாறுவிண்மீன் (ஒளி கூடிக் குறையும் விண்மீன்) நோக்கர் சங்கம் இலவசமாகத் தருவது. விண்மீனின் பெயரை அடித்தால் போதும், ஊர் ஊராக ஆர்வலர்கள் பார்த்து அனுப்பிய அளவுகளை இழுத்துவந்து திரையில் புள்ளி புள்ளியாக வைக்கும். கண்ணால் மதிப்பிட்டது கறுப்புப் புள்ளி, வி வடிகட்டி (பச்சை-மஞ்சள் ஒளியை மட்டும் விடுவது) போட்டு அளந்தது பச்சைப் புள்ளி. கிடையாக நாள், நெடுக்காகப் பிரகாசம்.

ஆங்கிலத்தில் "லைட் கர்வ்" என்கிற அந்தப் படத்துக்குத் தமிழில் என்ன பெயர்? கையேட்டில் "ஒளி வளைவு" என்று அடித்து வைத்திருந்தேன். நேற்று காசிமேட்டுப் பையன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, "டீச்சர், வெளிச்சம் எங்க வளையுது?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. வெள்ளி இரவு ஒன்பது மணிக்குள் ஜெராக்ஸ் கடையில் கொடுத்தாக வேண்டும்.

அனுப்பியவர்: திருவொற்றியூர் ஐயா
வியாழன் மதியம்

அம்மா, பையன் கேட்டதுதான் சரியான கேள்வி. ஒளி வளைவு ஆறாம் வேற்றுமைத் தொகை. ஒளியினது வளைவு என்றுதான் விரியும். ஒளி வளைவது என்பது வேறு சங்கதி. 1919 சூரிய கிரகணத்தில் படம் எடுத்துப் பார்த்தார்களே, சூரியனுக்குப் பக்கத்தில் வரும் விண்மீன் ஒளி வளைகிறதா என்று, அதற்கு அந்தச் சொல் வேண்டும். இரண்டுக்கும் ஒரே சட்டையைப் போட்டுவிட்டால் நாளைக்கு என்ன செய்வீர்கள்?

நம் கணக்குப் புத்தகத்தில் வளைவரை, ஈழத்துப் புத்தகத்தில் வளையி. இரண்டும் நல்ல சொற்களே, ஆனால் இரண்டும் வளைவைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. நான் சொல்வது "மாறொளி வரை". மாறொளி வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. மாறிய ஒளி, மாறுகின்ற ஒளி, மாறும் ஒளி, மூன்று காலமும் உள்ளே மறைந்திருக்கிறது. நேற்றைய மங்கலையும் காட்டி நாளைய மங்கலையும் சொல்லப்போகும் படத்துக்கு இதைவிடப் பொருத்தமாக நம் இலக்கணம் எதைத் தரும்?

அப்புறம், மங்கும் விண்மீனுக்கே "புகைமீன்" என்று பெயர் வைக்கலாம். "மைம்மீன் புகையினும்" என்று புறநானூற்றில் கபிலர் பாடவில்லையா?

அனுப்பியவர்: பெரம்பூர், ரயில்பெட்டிக்காரர்
வியாழன் மாலை

ஐயாவுக்கு வணக்கம். மைம்மீன் சனி, அது கோள். பாட்டை விட்டுவிடுவோம்.

"மாறொளி வரை" என்று தலைப்புப் போட்டால் அந்தப் பையன் "எதுலேர்ந்து எதுவரைக்கும்?" என்பான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு "ஒளி கிராஃப்". எல்லாப் பள்ளிக்கூடத்திலும் கிராஃப் நோட்டு இருக்கிறது. முப்பத்தொரு வருடம் தொழிற்சாலையில் வெப்பநிலை கிராஃப், அழுத்த கிராஃப் என்றுதான் பேசினோம், ஒரு பெட்டியும் அதனால் தடம் புரளவில்லை.

டீச்சர் கையேட்டில் நம்மூர்க் கதையையும் சேர்க்க வேண்டும். விண்மீன் தரம் (எண் கூடக் கூட மங்கல்) ஒரு படி இறங்கினால் ஒளி 2.512 மடங்கு குறையும் என்ற கணக்கை 1856இல் சொன்னவர் நார்மன் போக்சன். நம் ராயபுரம் ஸ்டேஷன் திறந்த அதே வருடம். அவரே 1861இல் நுங்கம்பாக்கத்து வானாய்வகத்துக்கு வந்தார், 1891இல் இறக்கும்வரை இங்கேதான் வேலை. அவருக்குக் கீழே இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறுவிண்மீனைக் கண்டுபிடித்தார். சென்னையிலிருந்து பார்த்தால் தெற்கே அடிவானத்துக்கு மேல் 14 பாகைக்கு மேல் ஏறவே ஏறாத விண்மீன் அது. இன்றைக்கு அந்த உயரத்தில் துறைமுக விளக்குத்தான் தெரியும்.

அனுப்பியவர்: திருவொற்றியூர் ஐயா
வியாழன் இரவு

கிராஃப் என்றால் எனக்கு முடிவெட்டுதான் ஞாபகம் வருகிறது. என் அப்பா காலத்தில் குடுமியை எடுத்துவிட்டு வந்தவனை "கிராப்பு வெச்சிட்டான்" என்பார்கள்.

கோளானாலும் மீன் மீன்தான். மின் என்ற வேரிலிருந்து மீன், மின்னுவதால். கடலில் கிடப்பதும் மின்னுகிறது, வானில் கிடப்பதும் மின்னுகிறது. சிந்துவெளி முத்திரையில் இருக்கும் மீன் குறியை விண்மீன் என்று ஹீராஸ் பாதிரியார் படித்தார், பின்னால் அஸ்கோ பர்ப்போலா அதையே விரித்து எழுதினார்...

(இதற்குக் கீழே ஐயா மேலும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். நான் வெட்டிவிட்டேன், மன்னிக்கவும். – மட்டுறுத்துநர்)

அனுப்பியவர்: எம்.சி. ரோடு, புடவைக்கடை
வெள்ளி காலை

டீச்சர், ஐயா, பெரம்பூர் அண்ணே, வணக்கம். கடை திறக்கும் முன் நாலு வரி.

நேற்று ராத்திரி வீஸ்டாரில் அல்கோல் என்ற மாறுவிண்மீனைப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் எல்லாரும் கோடு, வளைவு, வரை என்று சண்டை போடுகிறீர்கள். திரையில் கோடே இல்லை! எறும்புப் புற்றைக் கலைத்துவிட்ட மாதிரி புள்ளிகள்தான். பிள்ளைகள் முதலில் பார்க்கப்போவது அதைத்தான். "வளைவு" என்று கையேட்டில் போட்டுவிட்டால், இல்லாததைத் தேடுவார்கள்.

வளைவு தெரிவது எப்போது என்றால், சுற்றுக்காலத்தைக் கொடுத்து மடித்த பிறகு. அல்கோலுக்கு அது 2.867 நாள். இரண்டு விண்மீன்கள் ஒன்றை ஒன்று சுற்றுகின்றன, மங்கலானது முன்னால் வந்து மறைக்கும்போது தரம் 2.1இலிருந்து 3.4க்கு இறங்கி, பத்து மணி நேரத்துக்குள் பழையபடி ஏறிவிடும். ஒருவர் ஒரே ராத்திரியில் முழுசாகப் பார்ப்பது கஷ்டம். இங்கே ஒரு புள்ளி, மூன்று வாரம் கழித்து அங்கே ஒரு புள்ளி என்றுதான் கிடைக்கும். அவற்றை எல்லாம் 2.867 நாள் அகலத்துக்கு மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பள்ளம் பளிச்சென்று வந்துவிடும்.

இதைப் பார்த்ததும் எனக்குக் கடைதான் ஞாபகம் வந்தது. பொம்மைக்குப் புடவை கட்டும்போது கொசுவம் வைக்கிறோம் இல்லையா? புடவையில் ஒரு பூ ஒன்பது விரற்கடைக்கு ஒருமுறை வருகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு மடிப்பும் சரியாக ஒன்பது விரற்கடை வைத்தால் பூவுக்கு மேல் பூ உட்காரும். எட்டரை வைத்தால் மடிப்புக்கு மடிப்பு அரை விரற்கடை தள்ளிப்போய், எல்லாம் கலைந்த மாதிரி இருக்கும். சுற்றுக்காலம் தெரியாத விண்மீனுக்கு மென்பொருள் செய்யும் வேலையும் இதுதான்: வேறு வேறு அகலத்தில் மடித்து, எதில் பூ சேருகிறது என்று பார்க்கிறது.

கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் இந்த மடித்த படத்துக்குக் "கட்ட வரைபடம்" என்று இருக்கிறதே, அதைக் "கொசுவப் படம்" ஆக்குங்கள். முதல் படத்துக்கு நீங்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள்.

அனுப்பியவர்: பெரம்பூர், ரயில்பெட்டிக்காரர்
வெள்ளி காலை

தம்பி, அசத்திவிட்டாய். ஒரே ஒரு திருத்தம். பழைய அளவுகள் எல்லாவற்றையும் மொத்தமாக மடிக்காதீர்கள், அல்கோலின் சுற்றுக்காலமே கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருக்கிறது. பூ சேராது. கடைசி சில வருடம் போதும்.

திருவாதிரைக்குக் கொசுவம் சரிப்படாது. 2020 பிப்ரவரியில் 1.6 வரை மங்கியதே, அதற்கு இப்படித் துல்லியமான சுற்றுக்காலம் கிடையாது. அதை விரித்தபடியே காட்டுங்கள்.

அனுப்பியவர்: தண்டையார்பேட்டை டீச்சர்
வெள்ளி மாலை

பிள்ளைகளிடமே படத்தைக் காட்டிப் பெயர் கேட்டேன். "நட்சத்திரத்தோட ஈசிஜி" என்றாள் ஒருத்தி, அவள் அம்மாவுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வேலை. காசிமேட்டுப் பையன் "ஏத்த எறக்கம்" என்றான். எனக்கு அது பிடித்திருந்தது, ஆனால் "ஒளியேற்ற இறக்கப் படம்" என்று எழுதிப் பார்த்தால் மூச்சு வாங்குகிறது.

நெடுக்கு அச்சில் சிக்கலே வரவில்லை. எண் குறைந்தால் ஏன் மேலே போகிறது என்று கேட்பார்கள் என்று பயந்தேன். "ரேங்க் மாதிரி டீச்சர், ஒண்ணாவது ரேங்க் மேல" என்று அவர்களே முடித்துவிட்டார்கள். அதனால் "ஒளித்தரம்" என்றே போடுகிறேன்.

முதல் படத்துக்கு "ஒளிமாற்றப் படம்" என்று போடவா? வளைவும் இல்லை, கோடும் இல்லை, பொய்யும் இல்லை. எட்டு மணிக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் அடித்துவிடுவேன்.

அனுப்பியவர்: பெரம்பூர், ரயில்பெட்டிக்காரர்
வெள்ளி 6.40

சரி. கிராஃப் தோற்றது, வருத்தமில்லை.

அனுப்பியவர்: எம்.சி. ரோடு, புடவைக்கடை
வெள்ளி 7.15

எனக்கும் சரி, டீச்சர்.

அனுப்பியவர்: திருவொற்றியூர் ஐயா
வெள்ளி 7.50

எதிர்க்கிறேன். ஒளிமாற்றப் படம் என்றால் ஒளியை மாற்றும் படம் என்றும் விரியும், ஒளியால் மாறிய படம் என்றும் விரியும். ஒளி வளைவுக்கு என்ன நோயோ அதே நோய்தான் இதற்கும். "மாறொளிப் படம்" என்று இரண்டு எழுத்துக் குறைத்தால் என்ன குறைந்துவிடும்? நேரம் இல்லை என்பதால் ஒரு சொல் சரியாகிவிடாது.

ஆனால் கொசுவத்துக்கு மறுப்பில்லை. கொய்சகம்தான் பேச்சில் தேய்ந்து கொசுவமானது. தம்பி கடையிலிருந்து எடுத்துக்கொடுத்தது பழஞ்சொல். அதற்காக மட்டும் தூங்கப் போகிறேன்.

அனுப்பியவர்: தண்டையார்பேட்டை டீச்சர்
ஞாயிறு காலை

ஐயா, உங்கள் மடல் வந்தபோது நான் ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். இருபது பிரதியிலும் "ஒளிமாற்றப் படம்" தான். அடுத்த முறை மாறொளியையும் போட்டுப் பார்க்கிறேன்.

கொசுவப் படம் என்றதும் மாடியே சிரித்தது. "கொசுவா டீச்சர்? அது எங்க வீட்டுலயே இருக்கு" என்றார்கள், கொடுங்கையூர்ப் பிள்ளைகள். புடவையை எடுத்துவந்து மடித்துக் காட்டிய பிறகு அடங்கினார்கள். மணலிப் பக்கம் வானம் செவசெவ என்று இருந்தாலும் வடக்கே அல்கோல் தெரிந்தது. திரையில் காசிமேட்டுப் பையன் முதலில் 2.5 என்று அடித்தான், ஒன்றும் சேரவில்லை. பிறகு 2.867. புள்ளி எல்லாம் ஒரு பள்ளத்தில் போய் விழுந்ததும், "டீச்சர், பார்டர் ஒட்டிக்கிச்சு!" என்று கத்தினான்.

அனுப்பியவர்: திருவொற்றியூர் ஐயா
ஞாயிறு மதியம்

மகிழ்ச்சி அம்மா. பார்டருக்குத் தமிழில் கரை என்று சொல்லிக்கொடுத்தீர்களா?