புதுப்பிப்பு: வீட்டு மாடிச் சூரிய மின்சார மானியம் வந்துவிட்டது

மின் இணைப்பு மறைந்த அப்பாவின் பெயரிலேயே இருக்கிறது, பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் நான் மானியம் பெற முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

"முதலில் இணைப்பைப் பெயர் மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் தங்கையும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் ஆகியவற்றைக் கொடுத்துப் பெயரை மாற்றிய பிறகே விண்ணப்பித்தேன். 3 கிலோவாட் அமைப்பு. உள்நாட்டில் தயாரான சூரிய செல்கள் கொண்ட சூரியத் தகடுகளுக்குத்தான் மானியம் உண்டு. விலை குறைவு என்று வேறு தகடுக்குச் சம்மதித்துவிடாதீர்கள்.

நெட் மீட்டர் (நாம் எடுக்கும் மின்சாரத்தையும் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் அளக்கும் மீட்டர்) பொருத்தி, ஆய்வும் முடிந்த பிறகுதான் எதிர்பாராத சிக்கல். வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால், மின் இணைப்பில் பின்னால். அந்த ஓர் எழுத்துக்காக விண்ணப்பம் திரும்பி வந்தது. வங்கியில் திருத்திக் கொடுத்ததும் 78,000 ரூபாய் நேராகக் கணக்கில் ஏறியது. அம்மா பாஸ்புக்கை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

மானியம் வேலை முடிந்த பிறகே வரும். அதுவரை முழுத் தொகைக்கும் நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.