தங்கத்துக்காகத் தோண்டித் தீர்க்கப்பட்ட பாழூர்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சால்ட் லேக் சிட்டியிலிருந்து

வணக்கம். பழைய சுரங்க ஊர்களைத் தேடிப் போவது எனக்குப் பத்து வருடப் பழக்கம். சரிந்த கூரை, துருப்பிடித்த தள்ளுவண்டி, கண்ணாடி இல்லாத ஜன்னல் என்று நிறையப் பார்த்திருக்கிறேன். போன அக்டோபரில் மெர்க்கருக்குப் போய்விட்டு வந்த பிறகு பல நாள் மனசே சரியில்லை. அதைப் பற்றி எழுதத்தான் இந்த இழை.

மெர்க்கர், யூட்டா மாநிலத்தில் ஓக்கர் மலைத்தொடரின் ஒரு பள்ளத்தாக்கில் இருந்த ஊர். 1870-களில் வெள்ளி கிடைத்ததால் முதலில் அங்கே லூயிஸ்டன் என்று ஒரு முகாம் இருந்தது. வெள்ளி தீர்ந்ததும் காலியானது. பிறகு பவேரியாவிலிருந்து வந்த ஒருவர் பாதரசத் தாதுவைக் கண்டார். ஜெர்மன் மொழியில் பாதரசத்துக்கான பெயரையே அந்த இடத்துக்கு வைத்தார். அதுதான் மெர்க்கர்.

அந்தப் பாறையில் தங்கமும் இருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிப்பொடி. பரிசோதனையில் தங்கம் இருப்பதாகக் காட்டும், தட்டில் போட்டு அலசினால் ஒரு மினுக்குக்கூடத் தெரியாது. அந்தக் காலத்தில் அரைத்த பாறையைப் பாதரசத்தின் மேல் ஓடவிட்டுத்தான் தங்கத்தைப் பிடிப்பார்கள். மெர்க்கர் தங்கம் அதில் ஒட்டவே இல்லை. பாதரசத்தின் பெயரைக் கொண்ட ஊரிலேயே பாதரசம் கைகொடுக்கவில்லை.

கைகொடுத்தது சயனைடு. 1887-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கண்டுபிடித்த முறை. சயனைடு கரைசல் தங்கத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும், பிறகு கரைசலிலிருந்து தங்கத்தைப் பிரிப்பார்கள். அமெரிக்காவில் அது முதன்முதலாக வெற்றி பெற்ற இடங்களில் மெர்க்கர் ஒன்று. பிறகு கோல்டன் கேட் என்ற பெரிய ஆலை வந்தது. ப்ரோவோ ஆற்றிலிருந்து 40,000 வோல்ட் மின்சாரம் மலை தாண்டி வந்தது. பள்ளி, கடைத்தெரு, ரயில் எல்லாம் வந்தன. 1902 ஜூனில் கடைத்தெரு முழுக்க எரிந்தது. 1913-ல் ஆலையை மூடினார்கள், ஊர் கலைந்தது. 1930-களில் தங்கத்தின் விலை அவுன்ஸ் 35 டாலராக உயர்ந்ததும் கொஞ்சம் பேர் திரும்பி வந்தார்கள். போர் நேரத்தில், 1942-ல், தங்கச் சுரங்கங்களை மூடச் சொல்லி அரசு உத்தரவு போட்டதும் அவர்களும் போனார்கள்.

இதுவரைக்கும் எல்லாப் பாழூருக்கும் உள்ள கதைதான். அடுத்த நாற்பது வருடம் மெர்க்கர் அடித்தளங்களும் இடிந்த சுவர்களுமாக அப்படியே கிடந்தது. 1983-ல் திறந்தவெளிச் சுரங்கமாக மறுபடி தோண்டத் தொடங்கினார்கள். 1990-களின் கடைசியில் அதையும் மூடிவிட்டுப் போனார்கள். இந்தமுறை ஊரும் கூடவே போய்விட்டது.

நான் போனபோது வண்டி ஒரு பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றது. அதற்கு அப்பால் உழுதுவிட்ட மாதிரி படிப்படியாகச் சீராக்கிய சரிவுகள், மேலே விதைத்த புல். மலையின் வடிவமே வேறு. கையில் நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு புகைப்படத்தின் நகல் வைத்திருந்தேன். பின்னணியில் உள்ள மலைக்கோட்டை வைத்துத் தெரு எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பிப் போனேன். மற்ற ஊர்களில் அது எப்போதும் நடக்கும். இங்கே ஒத்துப்பார்க்க அந்த மலைக்கோடே இல்லை.

மிச்சம் இருப்பது இடுகாடு. ஒரு சரிவில், ஜூனிப்பர் மரங்களுக்கு நடுவே, குட்டிக் குட்டி மரவேலிகள். நம் ஊரில் கன்றுக்குட்டி மேயாமல் இருக்கப் பூச்செடியைச் சுற்றிக் கட்டுவோமே, அந்த அளவு. ஒரு வேலியின் முன் உட்கார்ந்து அளந்தேன். என் கையால் மூன்று முழம் நீளம்கூட இல்லை. குழந்தைதான். பலகையில் பெயர் இல்லை, வெயிலில் மரம் சாம்பல் நிறமாகி, நரம்பு நரம்பாகப் பிளந்திருந்தது. ஆணி அடித்த இடத்தில் மட்டும் துளி வெள்ளைப் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ அதை ஒரு நாள் உட்கார்ந்து பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

அங்கே ஒரு பெரியவரைச் சந்தித்தேன். எழுபது வயது இருக்கும். பாட்டி மெர்க்கரில் பிறந்தவராம். இவர் 1980-களில் அதே சுரங்கத்தில் லாரி ஓட்டியிருக்கிறார். "வேலை கிடைத்தது, குடும்பம் இருந்தது, ஓட்டினேன்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "எந்த லோடில் பாட்டி வீடு போனது என்று எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்படி ஊரே இல்லாமல் போன இடத்தை யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.

ரெனோவிலிருந்து

நான் பார்த்தது நெவாடாவின் ராஹைட். பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஃபாலனிலிருந்து கிளம்பி, மண் பாதையில் தூசி தின்றுகொண்டே போய், "உள்ளே வரக்கூடாது" என்ற பலகையைப் பார்த்துத் திரும்பினேன்.

ராஹைட்டின் வாழ்வே இரண்டு வருடம்தான். 1907, 1908-ல் பாலைவனத்தின் நடுவே சில ஆயிரம் பேர் கூடிவிட்டார்கள். பிற்பாடு நியூயார்க்கில் மாடிசன் ஸ்கொயர் கார்டனைக் கட்டிய டெக்ஸ் ரிக்கார்ட் அப்போது அங்கே மதுக்கடை நடத்தினார். நிலத்தில் இருந்த தங்கத்தைவிடப் பங்கு விற்றவர்களின் பேச்சில் இருந்த தங்கம் அதிகம். 1908 செப்டம்பர் 4-ம் தேதி தீ. அடுத்த வருடம் வெள்ளம். அவ்வளவுதான்.

எனக்கு அந்த ஊரின் மேல் பிடிப்பு வரக் காரணம் ஒரு சாவு. ரைலி கிரானன் என்ற பெரிய சூதாடி, குதிரைப் பந்தயத்தில் லட்சக்கணக்கில் வென்று தோற்றவர், 1908 ஏப்ரலில் அங்கே நிமோனியாவில் படுத்து இறந்துபோனார். மதுக்கடையை ஒட்டிய கூடத்தில் வைத்து இறுதிச்சடங்கு. பேசியவர் நிக்கர்பாக்கர், பாதிரியார் வேலையை விட்டுத் தங்கம் தேட வந்தவர். சூதாடிக்காக அவர் பேசிய பேச்சு அச்சாகி அமெரிக்கா முழுக்கப் போனது. இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அந்தப் பேச்சைப் படித்ததிலிருந்து, அது நடந்த மண்ணில் ஒரு தடவை நிற்க வேண்டும் என்று ஆசை.

1990-ல் அங்கே திறந்தவெளிச் சுரங்கம் வந்தது. கொஞ்சநஞ்சம் நின்றிருந்த கட்டடங்களும் ஊர் இருந்த தரையும் சுரங்கத்துக்குள் போயின. பேச்சு இருக்கிறது, பேசிய இடம் இல்லை.

ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பழைய காலத்துச் சுரங்கக்காரர் தங்கம் ஓடும் நரம்பைத் தேடி எலி வளை மாதிரி உள்ளே போவார், மேலே வீடு நிற்கும். இப்போது பாறையைப் பொடித்து மேடாகக் குவித்து, மேலிருந்து சயனைடு கரைசலைச் சொட்டு நீர்ப் பாசனம் போலச் சொட்டவிட்டு, அடியில் வடிவதைப் பிடிக்கிறார்கள். ஒரு டன் பாறையில் ஒரு கிராம் இருந்தாலே லாபம். அப்படியென்றால் ஒரு பவுனுக்கு 8 டன் பாறை. வீட்டில் மூன்று பவுன் சங்கிலி இருந்தால் 24 டன். தங்கமே இல்லாத மேல்பாறையை அள்ளிப் போடுவது தனி. முன்பு நரம்பு இருந்த இடம் மட்டும்தான் சுரங்கம். இப்போது மலையே சுரங்கம். பழைய ஊர் அந்த மலை மேலேதானே உட்கார்ந்திருக்கிறது!

சட்டத்தைக் கேட்டால், 1966-ன் வரலாற்றுச் சின்னச் சட்டம் ஃபெடரல் அரசுக்குச் சம்பந்தம் உள்ள வேலைகளில் மட்டும்தான் தலையிடும். அதிலும் என்ன பாதிப்பு என்று பார்க்கச் சொல்கிறது, நிறுத்தச் சொல்லவில்லை. படம் எடுத்து, அளந்து, அறிக்கை எழுதி முடித்தால் இடிக்கலாம். பழைய சுரங்க ஊர்களில் பல இடங்கள் நூறு வருடத்துக்கு முன்பே தனியார் பட்டா. ஆள் இல்லாத ஊருக்காக ஆட்சேபம் சொல்லவும் ஆள் இருப்பதில்லை.

சான் ஹோசேயிலிருந்து

தப்பித்த ஊரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். போடி, கலிஃபோர்னியா. கிட்டத்தட்ட 2,550 மீட்டர் உயரம். கடைசி மூன்று மைல் பாதையில் வண்டி உதறிய உதறலில் என் மாமியார் சாமி பெயரெல்லாம் சொல்லிவிட்டார்.

அங்கே சுமார் நூறு கட்டடங்கள் நிற்கின்றன. புதுப்பிக்கவும் மாட்டார்கள், விழவும் விடமாட்டார்கள். ஒரு வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தால் மேசை, நாற்காலி, கிழிந்து தொங்கும் சுவர்த்தாள், எல்லாவற்றின் மேலும் தூசி. என் மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு, "அவங்க எப்பம்மா திரும்பி வருவாங்க?" என்று கேட்டாள்.

1962-லிருந்தே அது மாநிலப் பூங்கா. அப்படியிருந்தும் 1980-களின் கடைசியில் ஒரு கனடிய நிறுவனம் ஊருக்கு மேலே உள்ள குன்றில் தங்கம் தேடித் துளையிட வந்தது. பூங்கா எல்லை வேறு, குன்று வேறு. ஆர்வலர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். அதே நிறுவனம் கொலராடோவின் சம்மிட்வில்லில் நடத்திய சுரங்கத்திலிருந்து சயனைடும் அமிலநீரும் கசிந்து ஆற்றுக்குப் போய், நிறுவனமே திவாலானது. 1994-ல் போடியைக் காக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது, 1997-ல் மாநில அரசு குன்றையும் வாங்கியது. போடிக்கு வருடா வருடம் கூட்டம் வருகிறது, படம் எடுக்கிறார்கள், அதனால் குரல் இருந்தது. மெர்க்கருக்கும் ராஹைட்டுக்கும் அந்தக் குரல் இல்லாமல் போனதுதான் என் வருத்தம்.

பெங்களூரிலிருந்து

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் வணக்கம். நான் கோலார் தங்கவயல் பிள்ளை. அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருந்தவர். தாத்தா வட ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்தவர். நீங்கள் சயனைடு, மின்கம்பி என்று எழுதியதைப் படித்ததும் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. எங்களுக்கும் 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்குத்தான் முதலில் கரண்ட் வந்தது.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். எங்கள் ஊர் பாழூர் இல்லை, ஜனங்கள் இருக்கிறார்கள். விடியற்காலை மாரிக்குப்பம் ஸ்டேஷனில் நின்று பாருங்கள், பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று. ஆனால் ஷாஃப்டுகளை, அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் குழிகளைச் சுற்றி, தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான பல லைன்களில் கூரை போய் சுவர் மட்டும் நிற்கிறது.

நூறு வருடமாகத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் இன்னும் குன்று குன்றாக இருக்கிறது. நாங்கள் சைனைட் மலை என்போம். சின்ன வயதில் அதில் சறுக்கி விளையாடியிருக்கிறோம். காற்றடித்தால் அந்தப் பொடி வந்து காய வைத்த துணியில் படியும், அம்மா திட்டிக்கொண்டே உதறுவார். இப்போது அந்த மண்ணில் மிஞ்சிய தங்கத்தை எடுக்கப் போகிறார்கள். 2024-ல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வேலை வருமென்றால் எனக்குச் சந்தோஷம்தான். எங்கள் ஜனங்களுக்கு வேலை வேண்டும். ஆனால் அந்த மலைகளை எங்கள் தாத்தாக்கள்தான் மண்ணுக்கு அடியிலிருந்து கூடை கூடையாக மேலே அனுப்பினார்கள். அவர்கள் பெயர் ஒரு பலகையில்கூட இல்லை. மலையும் போய்விட்டால் எதைக் காட்டி என் பையனுக்குச் சொல்வேன்?

சால்ட் லேக் சிட்டியிலிருந்து

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். மெர்க்கரில் பார்த்த பெரியவர் கிளம்பும்போது சொன்னது ஞாபகம் வந்தது. பாட்டி உயிரோடு இருந்தபோது வீடு எங்கே இருந்தது, யார் பக்கத்து வீடு என்று கேட்டு ஒரு தாளில் வரைந்து வைத்திருக்கலாம், தோன்றவே இல்லை என்றார். நீங்கள் வளர்ந்த லைன் வீடு நினைவிருக்கிறதா? நினைவில் இருப்பதை அப்படியே எழுதுங்கள், சின்ன விஷயமாக இருந்தாலும் சரி.

பெங்களூரிலிருந்து

நினைவிருக்கிறது அண்ணா. ஒரே ஒரு அறை, ஒரு சமையல் மூலை, முன்னால் தடுக்கு வைத்து மறைத்த திண்ணை. கதவு பச்சை. கதவுக்குப் பின்னால் ஆணியில் அப்பாவின் ஹெல்மெட் தொங்கும். இடப்பக்கம் ஒரு முருங்கை மரம், அது பக்கத்து வீட்டுப் பாட்டியுடையது, காய் எங்கள் பக்கம்தான் விழும். ராத்திரி பூமிக்கு அடியில் பாறை வெடித்தால் அலமாரிப் பாத்திரம் கிணுகிணு என்று ஆடும். அம்மா எழுந்து உட்கார்ந்து, அப்பா எந்த ஷிஃப்டு என்று கணக்குப் போடுவார். அடுத்த ஞாயிறு போய் வீடு நிற்கிறதா என்று பார்த்து, படம் எடுத்துப் போடுகிறேன்.